லொறியின் ஸ்ரியரிங், காற்றுப் பிரேக் வழமைப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ் குடாநாட்டில் ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பாதி வேலை செய்யும் பிரேக்கும் இங்கே நன்றாகப் பிடிப்பதுபோலத்தான் தெரியும். அதே லொறி தம்புள்ளை, மாத்தளை, கண்டி தாண்டி றம்பொடைப் பக்கம் மரக்கறி ஏற்றப் போய், பாரத்தோடு இறங்கும்போதுதான் குறை வெளியே வரும். அங்கே வைத்துத் திருத்த முடியாது. அதனால் "மிதிச்சுப் பார்த்தன், பிடிக்குது" என்பதைப் பரிசோதனையாக நாங்கள் கணக்கெடுப்பதில்லை. அளக்கக்கூடிய எல்லாவற்றையும் அளந்து பார்க்கும்படியே கீழே சொல்லியிருக்கிறோம்.

இங்குள்ள எண்கள் கனரக வாகனப் பரிசோதனையில் பொதுவாகப் பாவிக்கப்படுபவை. உங்கள் லொறியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

காலையில் புறப்படும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சாரதியும் கிளீனரும் சேர்ந்து செய்தால் கால் மணித்தியாலம் போதும். லொறி நின்ற இடத்தில் நிலத்தில் புதிதாக ஒயில் சொட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். காற்றுத் தாங்கிகளின் தண்ணீரைத் திறந்து விடுங்கள். பிறகு எஞ்சினை இயக்கிக் காற்று ஏறவிட்டு, அது ஏறும் நேரத்துக்குள் ஸ்ரியரிங் ஆட்டத்தையும் பவர் ஸ்ரியரிங் ஒயில் மட்டத்தையும் பார்த்துவிடலாம். காற்று நிரம்பியதும் கசிவுச் சோதனை. கடைசியாக, வளவுக்குள்ளேயே மெதுவாக நகர்த்தி ஒரு பிரேக். அந்தக் கடைசிப் பிரேக்கை மட்டும் பிடித்துவிட்டு வீதிக்கு ஏறுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடப்பது.

வேண்டிய சாமான்கள்: ரோர்ச், சோக்கட்டி, அடிமட்டம், சோப்புத் தண்ணீர்ப் போத்தல், ஒரு அலவாங்கு, சில்லுக் கட்டைகள். ஜக் ஏற்றிப் பார்க்கும் வேலைகளுக்கு இரண்டு ஸ்ராண்டும் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. செங்கல், சீமெந்துக் கல் அடுக்கி லொறியைத் தாங்கவிடவும் கூடாது. சீமெந்துக் கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

காற்றுச் சோதனையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

முடியும். கட்டை வைத்திருப்பது கட்டாயம், ஏனென்றால் சோதனையின்போது ஹாண்ட் பிரேக் விடப்பட்டிருக்கும்.

1. எஞ்சினை இயக்கிக் காற்றை முழுதாக ஏற்றுங்கள். பெரும்பாலான லொறிகளில் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் அழுத்தம்) அளவில், அதாவது 8 பார் சுற்றுவட்டத்தில், கவர்னர் (காற்று ஏறுவதை அளவோடு நிறுத்தும் வால்வு) வெட்டி 'புஸ்' என்று காற்றை வெளியே விடும். காற்றுக் கேஜின் முள் அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனால் கவர்னரோ அன்லோடரோ (கொம்பிரசரைக் காற்று ஏற்றாமல் ஓடவிடும் பாகம்) பழுது.

2. எஞ்சினை நிறுத்துங்கள். ஹாண்ட் பிரேக்கை விடுங்கள். முள் அடங்கியதும் ஒரு நிமிடம் பாருங்கள். தனி லொறியில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறையக் கூடாது. ட்ரெயிலர் பூட்டியிருந்தால் 3.

3. பெடலை முழுதாக மிதித்து அப்படியே வைத்திருங்கள். மிதித்த உடனே முள் ஒருமுறை விழும், அதைக் கணக்கெடுக்க வேண்டாம். அதற்குப் பின் ஒரு நிமிடத்தில் தனி லொறிக்கு 3, ட்ரெயிலருக்கு 4 பி.எஸ்.ஐ. தான் எல்லை.

4. சாவியை 'ஒன்' நிலையில் வைத்து, எஞ்சினை இயக்காமல், பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். முள் 60 பி.எஸ்.ஐ.க்கு இறங்கு முன்பே எச்சரிக்கை விளக்கோ பஸரோ வந்துவிட வேண்டும். பஸர் சத்தம் தொல்லை என்று வயரைக் கழற்றி வைத்திருக்கும் லொறிகளை அடிக்கடி காணலாம். அப்படிக் கண்டால் வேறெதையும் பார்க்கு முன் அதைப் பூட்டுங்கள்.

5. இன்னும் மிதித்துக்கொண்டே போங்கள். 20க்கும் 45க்கும் இடையில் ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங் விசையால் பிடிக்கும் ஹாண்ட் பிரேக்) தானாகவே விழ வேண்டும்.

6. மீண்டும் எஞ்சினை இயக்குங்கள். இரட்டைக் காற்றுச் சுற்று உள்ள லொறியில், எஞ்சின் வழமையான வேகத்தில் ஓடும்போது, 85இலிருந்து 100 பி.எஸ்.ஐ.க்கு 45 செக்கனுக்குள் ஏற வேண்டும்.

இரண்டு முள் உள்ள கேஜில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று பின் அக்சில் சுற்று, மற்றது முன் அக்சில் சுற்று. ஒன்று மட்டும் இறங்கினால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

காற்று ஏற வரவர நேரம் எடுக்கிறது. கொம்பிரசரை மாற்ற வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். முதலில் கசிவுச் சோதனையைச் செய்யுங்கள், பெரும்பாலும் காற்று போகும் இடம் ஒன்று இருக்கும். கசிவில்லை என்றால் கொம்பிரசருக்குப் போகும் காற்று வடி அடைத்திருக்கிறதா, பெல்ட்டில் ஓடும் கொம்பிரசர் என்றால் பெல்ட் நழுவுகிறதா என்று பாருங்கள். அடுத்தது கொம்பிரசரிலிருந்து வெளியேறும் குழாய். அதற்குள் கரி படிந்து துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதைக் கழற்றிப் பார்க்காமல் புதுக் கொம்பிரசர் பூட்டினால், புதியதும் அதே நெருக்கத்துக்குள் அழுத்திச் சூடாகிக் கெட்டுப்போகும்.

கசிகிறது என்று தெரிகிறது. எங்கே என்று எப்படிப் பிடிப்பது?

எஞ்சினை நிறுத்திக் காதால் கேளுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எந்த நிலையில் கசிகிறது என்பதே பாதி விடை.

பெடல் இயக்கும் கால் வால்வின் அடி வாயில், பெடலைத் தொடாதபோதே காற்று வந்தால், உள்வரும் வால்வின் இருக்கையில் அழுக்கு. மிதித்தால் மட்டும் வந்தால் வெளியேற்றும் வால்வு தேய்ந்திருக்கிறது. மிதித்தால் மட்டும் ஒரு சில்லுப் பக்கம் சீறினால் அந்தச் சில்லுச் சேம்பரின் (காற்று வந்து பிரேக்கைத் தள்ளும் கிண்ணம்) றப்பர் டயபிரம் கிழிந்திருக்கிறது, அல்லது அதைச் சுற்றியுள்ள கிளாம்ப் தளர்ந்திருக்கிறது.

கராச்சுகளில் அதிகம் ஏமாற்றுவது ஒன்று இருக்கிறது. ஹாண்ட் பிரேக்கை விட்டதும் பின் ரிலே வால்வின் (பின் சேம்பர்களுக்குக் காற்றை அனுப்பும் வால்வு) அடியால் காற்று தொடர்ந்து வரும். ரிலே வால்வுதான் போச்சு என்று மாற்றுவார்கள், கசிவு நிற்காது. பின் ஸ்பிரிங் சேம்பருக்குள் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சீல் தேய்ந்து, ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கும் காற்று மிதி பிரேக் அறைக்குள் வந்து, அங்கிருந்து ரிலே வால்வு வழியே வெளியேறுவதுதான் காரணம். ஒரு பக்கச் சேம்பரின் மிதி பிரேக் ஹோஸைக் கழற்றி, ஹாண்ட் பிரேக்கை விட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கழற்றிய சேம்பர் வாயால் காற்று வந்தால் அதுதான். ஹோஸ் கழற்று முன் சில்லுக்குக் கட்டை இருக்கிறதா என்று இன்னொருமுறை பாருங்கள்.

வெடித்த ஹோஸைப் பழைய ரியூப் கிழிசலால் சுற்றிக் கட்டுவது வீடு வந்து சேரக்கூட உதவாது. மிதிக்கும்போதுதான் அதில் முழு அழுத்தமும் ஏறும்.

தாங்கியின் தண்ணீரைத் தினமும் திறக்க வேண்டுமா?

டிறையர் (காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் கருவி) இல்லாத லொறி என்றால் தினமும். மாலையில், தாங்கி சூடாக இருக்கும்போது திறப்பது இன்னும் நல்லது. குளிர் நாடுகளில் இந்தத் தண்ணீர் உறைந்து குழாயை அடைக்கும் என்பார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, துருதான் கவலை. கடற்காற்றின் ஈரம் முழுவதையும் கொம்பிரசர் இழுத்துத் தாங்கியில் சேர்க்கிறது. கீழே தண்ணீர் நின்றால் காற்றுக்கு இடம் குறையும், நாலு தரம் மிதிக்க அழுத்தம் விழும். துருத்தூள் வால்வுகளுக்குள் போய் அவற்றைத் திறந்தபடியோ மூடியபடியோ பிடித்து வைக்கும்.

வருவதைக் கையில் ஏந்திப் பாருங்கள். வெறும் தண்ணீர் கொஞ்சம் வந்தால் வழமைதான். பால் போல வெளுத்த களி வந்தால் ஒயிலும் தண்ணீரும் கலந்திருக்கிறது, கொம்பிரசர் றிங் தேயத் தொடங்கிவிட்டது. டிறையர் இருந்தும் தண்ணீர் வந்தால் அதன் கார்ட்ரிஜ் மாற்ற வேண்டிய காலம். ஒயில் பட்ட கார்ட்ரிஜ் ஈரம் பிடிக்காது, எத்தனை மாதம் ஓடியது என்பது அங்கே பொருட்டில்லை.

பிரேக் அட்ஜஸ்ட் சரியாக இருக்கிறதா என்று அளப்பது எப்படி?

முழுப் பரிசோதனையிலும் இதைவிடப் பெறுமதியான வேலை கிடையாது. கராச்சுக்குப் போகாமலே செய்யலாம்.

கட்டை வைத்து, ஹாண்ட் பிரேக்கை விடுங்கள். சேம்பரிலிருந்து வெளியே வரும் தள்ளுகம்பியில், சேம்பரின் முகத்தோடு ஒட்டியபடி சோக்கட்டியால் ஒரு கோடு. காற்று 90 முதல் 100 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கட்டும். எஞ்சினை நிறுத்தி, மற்றவர் ஏறிப் பெடலை முழுதாக மிதித்து வைத்திருக்க வேண்டும். இப்போது சேம்பர் முகத்திலிருந்து கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அடிமட்டத்தால் அளந்து, சில்லு வாரியாக எழுதுங்கள்.

சேம்பரின் உடலில் 20, 24, 30 என்று ஓர் எண் இருக்கும். அது டயபிரத்தின் பரப்பு, சதுர அங்குலத்தில். 30 ஆம் இலக்கச் சேம்பருக்கு 100 பி.எஸ்.ஐ. கொடுத்தால் 3000 இறாத்தல் விசை. சாதாரணச் சேம்பர்களில் 20க்கும் 24க்கும் கம்பி 1¾ அங்குலம், அதாவது 44 மில்லிமீற்றர் வரை வரலாம். 30க்கு 2 அங்குலம், 51 மில்லிமீற்றர். நீள அசைவுச் சேம்பர்களுக்கு எல்லை கூட, அவற்றின் உடலில் அடையாளம் இருக்கும்.

எல்லைக்குள் இருந்தாலும் ஒரே அக்சிலின் இடமும் வலமும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் விடாதீர்கள், மிதிக்கும்போது இழுப்பு அங்கேதான் பிறக்கிறது.

கையால் திருப்பும் ஸ்லாக் அட்ஜஸ்ரர் (தள்ளுகம்பியைக் காமோடு இணைத்து, தளர்வைச் சரிசெய்யும் ஆம்) என்றால், பிரேக் சூ ட்ரம்மில் முட்டும் வரை இறுக்கி, பிறகு கால் முதல் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்க்க, உரசாமல் ஓட வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதை ஊகிக்க வேண்டாம். இறுகும்போது எஸ் காம் ஷாஃப்ற் (சூக்களை விரிக்கும் எஸ் வடிவ முனையுள்ள தண்டு), பிரேக் பிடிக்கும் திசையில் திரும்பும். தவறான பக்கம் திருப்பினாலும் கடைசியில் இறுகத்தான் செய்யும், ஆனால் காம் தலைகீழாக நின்று முதல் மிதியிலேயே பிரேக் போய்விடும்.

ஓட்டோ ஸ்லாக் (தானாகவே அட்ஜஸ்ட் ஆகும் வகை) பூட்டியிருக்கிறது. அப்படியிருந்தும் அளக்க வேண்டுமா?

கட்டாயம். ஓட்டோ ஸ்லாக் எல்லையைத் தாண்டி நின்றால் அதைக் கையால் இறுக்கி அனுப்பிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் திரும்பவும் தளரும். காம் புஷ் தேய்ந்திருக்கலாம், தள்ளுகம்பியை ஸ்லாக்கோடு பூட்டும் கிளெவிஸ் பின் ஓட்டை நீண்டிருக்கலாம், சேம்பர் பிரக்கற் வெடித்திருக்கலாம், கிறீஸ் காணாமல் ஸ்லாக் உள்ளே இறுகியிருக்கலாம். கையால் இறுக்குவது இவை எல்லாவற்றையும் மறைத்துவிடும், போதாக்குறைக்கு உள்ளிருக்கும் கிளச்சையும் தேய்க்கும். புது லைனிங் போட்ட பிறகு ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரத் திருப்புவது வேறு.

எல்லைக்குக் கொஞ்சம் கிட்டத்தான் நிற்கிறது. பரவாயில்லையா?

வவுனியா வரை போய்வரும் லொறிக்கு அது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். மலை இறக்கத்தில் நடப்பது வேறு. பிரேக் பிடிக்கப் பிடிக்க ட்ரம் சூடேறி விரியும். 400 மில்லிமீற்றர் ட்ரம் 300 பாகை செல்சியஸ் சூடேறினால் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விரியும். அந்தச் சிறு இடைவெளியை நிரப்ப, காமும் ஸ்லாக் ஆமும் வழியாகக் கம்பி பல மில்லிமீற்றர் கூட வெளியே வர வேண்டும். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் கம்பி சேம்பரின் கடைசிக்குப் போய் முட்டிக்கொள்ளும். காற்று முழுதாக இருக்கும், கேஜ் 100 காட்டும், பெடலும் வழமைபோல இருக்கும், சில்லில் விசை மட்டும் இல்லை. காற்றுப் பிரேக்கில் பெடல் தாழ்ந்து எச்சரிக்காது. ஹைட்ராலிக் பிரேக்கில் பழகிய சாரதிகள் இதை எதிர்பார்ப்பதில்லை.

மலைக்குப் போகும் லொறியைப் புறப்படும் முதல் நாள் அளந்து, கையேடு சொல்லும் மிகக் குறைந்த அசைவுக்குக் கொண்டு வாருங்கள். இறக்கம் தொடங்கு முன்பே கியரைக் குறைத்து, எக்சோஸ்ட் பிரேக்கை (புகைக் குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு இறங்குங்கள்.

லைனிங் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்?

சூவின் நடுப்பகுதியில் கால் அங்குலம், 6 மில்லிமீற்றர். ஒட்டாமல் றிவிற் அடித்த லைனிங் என்றால் றிவிற் தலை ட்ரம்மைத் தொட முன்பே மாற்ற வேண்டும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றக் கூடாது, அக்சில் முழுவதும் ஒரே வகை லைனிங். ஒயிலோ கிறீஸோ ஊறிய லைனிங்கைப் பெற்றோலால் கழுவி, நெருப்பில் காட்டிக் காயவைத்துத் திரும்பப் பூட்டுவது வீண் வேலை. சூடேறியதும் உள்ளே ஊறியது திரும்ப மேலே வரும். அதோடு ஹப் சீலையும் காம் சீலையும் பார்க்காவிட்டால் புது லைனிங்கும் அதே கதிதான். காமுக்குக் கிறீஸ் அடிக்கும்போது சீல் பழுதாக இருந்தால், அடித்த கிறீஸ் நேரே ட்ரம்முக்குள்தான் போகும்.

ஹாண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கட்டையை எடுத்து, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, கீழ் கியரில் கிளச்சை மெதுவாக விட்டு இழுத்துப் பாருங்கள். லொறி நகரக் கூடாது. ஹாண்ட் பிரேக் போட்டிருக்கும் நேரத்தில் பெடலையும் சேர்த்து அழுத்தி மிதிக்கும் பழக்கம் வேண்டாம். இரண்டு விசையும் ஒன்றாகி காமையும் ஸ்லாக்கையும் வருத்தும்.

ஸ்பிரிங் சேம்பரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பின்பக்க அறைக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசை கொண்டது. அந்த அறையின் கிளாம்பை எந்தக் காரணத்துக்கும் கழற்றக் கூடாது. சேம்பரைக் கழற்ற வேண்டுமென்றால் ரிலீஸ் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை முழுதாக அடக்கிய பிறகே கை வைக்கலாம். உடலில் துரு பிடித்து உப்பியிருந்தால் அல்லது வெடிப்புத் தெரிந்தால் போல்ட் போடும் முயற்சியையும் அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். பழைய சேம்பரை இரும்புக் கடைக்குப் போடுவதும் அப்படித்தான், ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில் இருக்கும்வரை அது வெடிபொருளுக்குச் சமன்.

முன் பிரேக் மழையில் வழுக்கும், அடைத்து வைப்பது நல்லது என்கிறார்களே?

தவறு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் அக்சிலுக்குச் சாய்கிறது, அப்போது நிலத்தை இறுகப் பிடிப்பது முன் ரயர்கள்தான். அதை அடைத்தால் நிற்கும் தூரம் கூடும், அந்த வேலையையும் பின் பிரேக்குகளே சுமந்து சூடேறும். முன் சில்லு நிஜமாகவே பூட்டுப்படுகிறது என்றால் வேறு குறை இருக்கிறது: பின் பிரேக் வேலை செய்யவில்லை, அல்லது டிப்பரின் பாரம் பின் அக்சிலுக்கும் பின்னே விழுந்து முன்பக்கம் தூக்கலாக நிற்கிறது. ஈர மணல் ஏற்றும் டிப்பர்களில் இரண்டாவது சாதாரணம். ஸ்ரியரிங் இலேசாகிவிட்டது என்று சாரதி மகிழ்ந்துகொள்வதும் அப்போதுதான்.

யப்பான் லொறியில் காற்றும் இருக்கிறது, பிரேக் ஒயிலும் இருக்கிறது. அதற்கு இவை பொருந்துமா?

நடுத்தர யப்பான் லொறிகள் பலவற்றில் காற்று ஒரு பூஸ்டரைத் தள்ள, சில்லில் ஹைட்ராலிக் சிலிண்டர் பிரேக்கைப் பிடிக்கிறது. காற்று ஏறும் நேரம், கசிவு, பஸர், தாங்கித் தண்ணீர் எல்லாம் இதற்கும் அப்படியே. தள்ளுகம்பி அளவு மட்டும் பொருந்தாது, அதற்குப் பதில் பிரேக் ஒயில் மட்டம், சில்லுச் சிலிண்டர் கசிவு, பூஸ்டர் கம்பியின் நகர்வு. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் காலநிலைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பழைய ஒயில் இறக்கத்தில் கொதித்துக் குமிழ் விட்டால் பிரேக் பிடிக்காமல் போகும்.

ஸ்ரியரிங் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

முன் சில்லுகள் நேராக, நிலத்தில். பவர் ஸ்ரியரிங் என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவைத்து ஆட்டினால் வால்வின் ஆட்டமும் சேர்ந்து பொய்க் கணக்கு வரும். ஸ்ரியரிங் விளிம்பில் சோக்கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேரே டாஷில் ஒரு கோடு. இடப்பக்கம் திருப்புங்கள், சில்லு அசையத் தொடங்கிய கணத்தில் நிறுத்துங்கள். வலப்பக்கமும் அப்படியே. கிளீனர் சில்லைப் பார்த்துச் சொல்லட்டும். 20 அங்குல ஸ்ரியரிங்கில் மொத்த ஆட்டம் 2 அங்குலத்துக்கு மேல், சுமார் 10 பாகை, போனால் காரணம் தேடுங்கள்.

தினமும் ஓட்டும் சாரதிக்கு இந்த ஆட்டம் தெரியாது. மாதம் மாதம் கொஞ்சமாகக் கூட, கை தன்னை அறியாமல் ஈடுகட்டிக்கொண்டே போகும். புதிதாக ஏறும் சாரதிதான் முதலில் சொல்லுவார், அவர் சொன்னால் கேளுங்கள்.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவர் ஸ்ரியரிங்கைச் சிறிதாக இடம் வலம் ஆட்டிக்கொண்டிருக்க, மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து வர வேண்டும். கொலம் யூனிவேர்சல் ஜொயின்ற், ஸ்ரியரிங் பொக்ஸ், ட்ரொப் ஆம் (பொக்ஸிலிருந்து தொங்கும் ஆம்), ட்ராக் லிங்க் (அதைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் கம்பி), கடைசியாக ரை ரொட் (இரண்டு முன் சில்லுகளையும் இணைக்கும் கம்பி). பொக்ஸுக்குள் போகும் ஷாஃப்ற் திரும்புகிறது, ட்ரொப் ஆம் அசையவில்லை என்றால் ஆட்டம் பொக்ஸுக்குள். ட்ரொப் ஆம் அசைந்து சில்லு அசையவில்லை என்றால் அதற்குக் கீழே.

இந்தக் கம்பிகளின் முனையில் உள்ள உருண்டை மூட்டில், அதாவது பால் ஜொயின்ற்றில், கண்ணைவிட விரலை நம்பலாம். ஜொயின்ற்றைச் சுற்றி விரல்களை வையுங்கள், பாதி சொக்கற்றில், பாதி ஆமில். மற்றவர் ஆட்டும்போது இரண்டும் சேர்ந்து போனால் நல்லது. ஒன்று நகர்ந்து மற்றது ஒரு நொடி பிந்தி வந்தால் விரல் அந்தச் சிறு தட்டலைப் பிடித்துவிடும். வெறும் கை விசையில் 3 மில்லிமீற்றருக்கு மேல் நகர்ந்தால் மாற்றுங்கள். அலவாங்கு போட்டு நெம்பினால் நல்ல ஜொயின்ற்றும் அசையும், அது சோதனையில்லை. சிவப்புத் துருத்தூள் சுற்றிவரப் படிந்திருந்தால் உள்ளே கிறீஸ் இல்லாமல் இரும்பில் இரும்பு உரசுகிறது. நட்டைச் சுற்றிப் பளபளப்பான வட்டம் தெரிந்தால் நட் தளர்ந்திருக்கிறது.

ஸ்பிளிட் பின் துவாரம் பொருந்தவில்லை என்று நட்டைத் தளர்த்திப் பொருத்துவது கூடாது. எப்போதும் அடுத்த வெட்டு வரை இறுக்கித்தான் பின் போட வேண்டும். பழைய பின்னைத் திரும்பப் பாவிக்க வேண்டாம், ஆணி போட வேண்டவே வேண்டாம்.

முன் சில்லு ஆடுகிறது. கிங்பின்னா (முன் சில்லு இடம் வலம் திரும்பும் அச்சாணி), பேரிங்கா?

அக்சிலை ஜக்கில் தூக்கி ஸ்ராண்ட் வைத்து, சில்லின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மற்றவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங். மறையாவிட்டால் கிங்பின் அல்லது அதன் புஷ். பிரேக் பிடித்ததும் ஹப்பும் ஸ்ரப் அக்சிலும் (ஹப் சுற்றும் தண்டு) ஒன்றாக இறுகிவிடுவதால் பேரிங் ஆட்டம் காணாமல் போகிறது, அவ்வளவுதான். பிறகு ரயருக்கு அடியில் அலவாங்கு கொடுத்து மெதுவாக உயர்த்துங்கள். மேல் கீழாக நகர்ந்தால் பாரத்தைத் தாங்கும் திரஸ்ற் பேரிங் அல்லது சிம் தகடு தேய்ந்திருக்கிறது.

கிங்பின்னுக்கு முன்பக்கத்தைத் தூக்கி வைத்துக் கிறீஸ் அடியுங்கள். லொறி நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் இறுக்கிவைத்திருக்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும் வரை அடிக்க வேண்டும். நிப்பிள் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் நிப்பிளை மாற்றுங்கள். மேல் நிப்பிளுக்கு மட்டும் அடித்துவிட்டு, சேறு மூடிய கீழ் நிப்பிளை விட்டுவிடுவதால்தான் கீழ் புஷ் எப்போதும் முதலில் போகிறது.

பவர் ஸ்ரியரிங் திடீரென்று பாரமாகிறது, சத்தமும் வருகிறது.

ஒயில் மட்டம் முதலில். பெரும்பாலானவற்றில் ஏ.டி.எஃப். (ஓட்டோமற்றிக் கியர் ஒயில்) வகை ஒயில்தான், மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். நுரை தெரிந்தால் உறிஞ்சும் பக்கத்து ஹோஸால் காற்று இழுக்கிறது. கருகிய மணம் வந்தால் வடியையும் சேர்த்து மாற்றுங்கள். முழுப் பூட்டுக்குத் திருப்பி அப்படியே பிடித்து வைத்திருப்பது பம்பைச் சில செக்கன்களிலேயே சூடேற்றும். ஒடுங்கிய ஒழுங்கைகளில் திருப்பும்போது முழுப் பூட்டுக்குப் போய் முட்டியதும் ஒரு விரல் அளவு திருப்பி விடுங்கள்.

லொறி ஒரு பக்கம் இழுக்கிறது. ஸ்ரியரிங்கா, பிரேக்கா?

எப்போது இழுக்கிறது என்று பாருங்கள். மிதித்தால் மட்டும் இழுத்தால் பிரேக். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, பழுது எதிர்ப்பக்கத்தில். இங்கே பலரும் இழுக்கும் பக்கத்தைக் கழற்றி நேரத்தை வீணாக்குகிறார்கள். மிதிக்காமலே இழுத்தால் முதலில் ரயர்க் காற்று, பிறகு விடுபடாத பிரேக், பிறகு அலைன்மென்ற். ஓடிவந்து நின்றதும் ஹப்புக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பிரேக் விடுபடவில்லை.

முன் ரயர்களின் தேய்வும் விடை சொல்லும். இரண்டு ரயரும் வெளி ஓரத்தில் தேய்ந்தால் ரோ (முன் சில்லுகளின் முன்புறம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கூடுதலாக உள்நோக்கி நிற்கிறது, இரண்டும் உள் ஓரத்தில் தேய்ந்தால் வெளிநோக்கி. தேய்ந்த ஜொயின்ற்றை மாற்றாமல் ரோ சரி செய்தால் அடுத்த குழியிலேயே அது குலைந்துவிடும்.

வெடித்த ட்ரொப் ஆமை வெல்டிங் செய்யலாமா? வளைந்த ரை ரொட்டைச் சூடாக்கி நிமிர்த்தலாமா?

இரண்டுக்கும் இல்லை. இவை சூட்டுப் பதம் கொடுத்துச் செய்த பாகங்கள். வெல்டிங்கும் காஸ் நெருப்பும் அந்தப் பதத்தைக் குலைக்கும், அடுத்த வெடிப்பு வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கும். உதிரி கொழும்பிலிருந்து வர இரண்டு நாள் என்றால் லொறி இரண்டு நாள் நிற்கட்டும்.

எங்கள் உப்புக் காற்றுக்கும் மாரி மழைக்கும் தனியாக என்ன செய்ய வேண்டும்?

ஆனையிறவில் உப்பு ஏற்றும் லொறிகள், கடற்கரையோரம் ஓடும் லொறிகள், களப்பு வீதிகளில் ஓடும் மீன் லொறிகள் எல்லாவற்றுக்கும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். துரு முதலில் வருவது சேம்பர் பிரக்கற், தாங்கியைக் கட்டிய பட்டி, சில்லருகே உள்ள இரும்புக் குழாய் முனைகள். தாங்கிப் பட்டிக்கு அடியில் உப்பு தங்கி, வெளியே பூச்சு நன்றாக இருக்க உள்ளே அரித்துவிடும். வருடம் ஒருமுறை பட்டியைத் தளர்த்திப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஹப் மூழ்க ஓடியிருந்தால், தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டியபடி பெடலை இலேசாகச் சில தரம் மிதித்து லைனிங்கைக் காயவிடுங்கள். வீடு வந்த பின் ஹப் மூடியைத் திறந்து கிறீஸைப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, கழுவிப் புதுக் கிறீஸ் வைக்க வேண்டும்.

தகுதிச் சான்றிதழ் எடுத்தாயிற்று. பிறகும் இதெல்லாம் தேவையா?

சான்றிதழ் அன்றைய நாளின் நிலையைச் சொல்கிறது. கையால் இறுக்கும் ஸ்லாக் உள்ள லொறியில், ஓட்டத்தைப் பொறுத்து, வாரக் கணக்கிலேயே அளவு மாறும். வாரம் ஒருமுறை கம்பி அளவு, மாதம் ஒருமுறை ஜொயின்ற்றுகளும் முழுக் கிறீஸும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிங்பின், பேரிங் ஆட்டம். மணல் டிப்பர் என்றால் இவற்றைப் பாதி இடைவெளியில் செய்யுங்கள்.

அளவுகளை எழுதி வைக்க வேண்டுமா? லொறியில் என்ன உதிரி வைத்திருப்பது?

ஒரு கொப்பி போதும். திகதி, மீற்றர் வாசிப்பு, சில்லு வாரியாகக் கம்பி அளவு, ஒரு நிமிடக் கசிவு, ஸ்ரியரிங் ஆட்டம். முன் இடம் 38 மில்லிமீற்றர், முன் வலம் 38 என்று இருந்தது அடுத்த வாரம் 38, 46 என்றானால் வலப்பக்கத்தைத் திறந்து பார்க்க வேறு காரணம் தேவையில்லை. லொறியில் வைத்திருக்க: சேம்பர் இலக்கத்துக்குப் பொருந்தும் ஒரு டயபிரம், ஒரு பிரேக் ஹோஸ், நைலோன் குழாயும் அதன் இணைப்புகளும், ஸ்பிரிங் சேம்பருக்கு ரிலீஸ் போல்ட் இரண்டு, பல அளவில் ஸ்பிளிட் பின், ஒரு லீற்றர் பவர் ஸ்ரியரிங் ஒயில். டயபிரத்தை வெயில் படும் டாஷில் போட்டு வைக்காதீர்கள், றப்பர் காய்ந்து தேவைப்படும் நாளில் வெடித்திருக்கும்.